வில்லன் கையில் மோட்டார் சாவி

போன வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டு ஹாலில், என் கண் முன்னால், ஒரு ஆள் ஒரு விதவையின் வீட்டைப் பிடுங்கிக்கொண்டார். ஹால் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் தடுக்கவில்லை.

போலீசுக்குப் போய்விடாதீர்கள். டிவி சீரியல் சமாசாரம்தான். ஆனால் அது டிவியில் நடக்கவில்லை... அங்கேதான் இருக்கிறது வம்பு.

முதலிலிருந்து சொல்கிறேன். நடுநடுவே எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபப்படாமல் எழுதுவதற்கு இந்தப் பத்திரிகையிலேயே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனிப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

நாங்கள் இருப்பது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காம்பவுண்டு வீடு. வரிசையாக எட்டு போர்ஷன். நடுவில் சிமென்ட் முற்றம். ஒரு போர்வெல், ஒரு மோட்டார், மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஓனர் மாம்பலத்தில் இருக்கிறார். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டு, சாவி ஒருத்தரிடம். ஆளாளுக்கு நினைத்தபோது மோட்டார் போட்டு, அதன் காயில் கம்பி எரிந்துபோனதிலிருந்து இந்த ஏற்பாடு.

சாவி வைத்திருப்பவர் காலை ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட வேண்டும். தொட்டி நிரம்பினால் நிறுத்த வேண்டும். சம்பளம் கிடையாது. ஆனால் மரியாதை உண்டு. நம்ம பக்கத்தில் தண்ணீர்ச் சாவி வைத்திருக்கிற ஆளுக்குக் கிடைக்கும் மரியாதை மந்திரிக்குக் கிடைக்காது. மந்திரி வந்தால் கை தட்டுவோம். மோட்டார்க்காரர் வந்தால் எழுந்து நிற்போம்.

அந்தச் சாவி கோதண்டராமனிடம் இருந்தது.

நாலாவது போர்ஷன். கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். ஒல்லி. மழை வராத நாளிலும் குடை. கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு மனைவி வசந்தாவைக் கூப்பிடுகிற ஆள். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாள் தண்ணீர் தவறியதில்லை. ஜுரத்தில்கூட மப்ளர் கட்டிக்கொண்டு வந்து மோட்டார் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தவர்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. நடிப்பு.

சபா நாடகக் குழு ஒன்றில் பல வருஷமாக இருக்கிறார். தந்தி கொண்டுவருகிறவர், கான்ஸ்டபிள், “டாக்டர் வந்துட்டாருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறவர்... இந்த மாதிரி வேஷம். ஒரு தடவை காம்பவுண்டு மொத்தத்தையும் நாடகத்துக்குக் கூட்டிப் போனார். அவர் மேடைக்கு வந்துவிட்டுப் போனதே எங்களுக்குத் தெரியாது. நாங்கள் போண்டா வாங்கப் போயிருந்தோம்.

அப்படிப்பட்டவருக்கு டிவி சீரியலில் பெரிய வேஷம் கிடைத்தது. வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் வருமே, அந்த சீரியல்தான். கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். காவேரி என்று ஒரு பெண். கைக்குழந்தையோடு இருக்கையில் புருஷன் செத்துப்போய்விடுகிறான். புருஷனின் அண்ணன் சிவஞானம் அவளை வீட்டைவிட்டுத் துரத்தப் பார்க்கிறான். அந்த சிவஞானம்தான் எங்கள் கோதண்டராமன்.

காம்பவுண்டில் கலர் டிவி இருப்பது என் வீட்டில் மட்டும். அது என் தலையெழுத்து. வியாழக்கிழமை என்றால் ஹாலில் கால் வைக்க இடம் இருக்காது. என் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “தெரியுதா?” என்று அவர் கத்த, “தெரியுது, கையை எடுக்காதீங்க!” என்று இவர்கள் கத்த... சீரியல் முடிந்ததும் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போவார்கள். வேர்க்கடலைத் தோல் மட்டும் போகாது. யாராவது ஒருத்தர், ஒரே ஒரு நாள், துடைப்பத்தை எடுத்ததுண்டா? காவேரிக்காக அழுகிற கண்ணுக்கு என் தரை தெரியவில்லை.

கோதண்டராமன் வீட்டில் டிவி கிடையாது. அவரும் எங்கள் ஹாலில்தான் பார்ப்பார். வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் சில வாரம் ஒரே பெருமை. “நம்ம சார், நம்ம சார்” என்று கை தட்டினார்கள். அப்புறம் ஒரு வியாழக்கிழமை அந்த சீன் வந்தது. மாலை போட்ட தம்பி போட்டோவுக்கு முன்னால் நின்றுகொண்டு, காவேரி இடுப்பிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தைப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே... உதடு மட்டும் சிரிக்கும், கண் வீட்டை அளந்துகொண்டிருக்கும். எனக்கே எழுந்து போய் டிவியை ஒரு அறை விடலாம் போலிருந்தது. என் டிவி என்பதால் விட்டுவிட்டேன்.

முதல் போர்ஷன் சரோஜா அக்கா திரும்பினார். காம்பவுண்டில் அவர் வைத்ததுதான் சட்டம். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவராகவே வைத்துக்கொண்டார்.

“ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?”

“டைரக்டர் சொன்னாருங்க” என்றார் செருப்புக்குப் பக்கத்திலிருந்து.

“டைரக்டர் சொன்னா செஞ்சுடுவீங்களா? நாளைக்குக் கொலை பண்ணச் சொன்னா?”

“கேட்டுப் பாத்தேங்க. கொலை இல்லைன்னுட்டார்.”

குரலில் லேசாக ஏமாற்றம் வேறு. மனுஷனுக்கு எதை எங்கே சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் கன்னியம்மா வந்தாள். பம்மலிலிருந்து காய்கறித் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வருகிறவள். அவளும் வியாழக்கிழமை ஆஜர். கோதண்டராமன் பையை நீட்டினார்.

“இன்னா சார், கத்திரிக்காவா? உனக்குக் கெடையாது, போ.”

“ஏம்மா?”

“அந்தப் பொண்ணு கைக்கொயந்தையோட நிக்குது. அது வூட்டுச் சாவியப் புடுங்கிக்கினு சிரிக்கிற. நீயெல்லாம் இன்னா மனுசன்?”

“அது நாடகம் கன்னியம்மா!”

“நாடகத்துலயே இப்டின்னா, நெசத்துல எப்டி இருப்ப?”

இந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை. கோதண்டராமனுக்கும் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவர் வீட்டில் அப்பளக் குழம்பு.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சரோஜா அக்கா கூட்டம் போட்டார்.

“சாவி விஷயத்துல அந்த மனுஷன் எப்படின்னு ஊரே பாத்தாச்சு. நம்ம தண்ணிச் சாவி அவர் கையில இருக்கு. எனக்கு நெஞ்சு படபடங்குது.”

“அக்கா, இத்தனை வருஷமா ஒழுங்கா தண்ணி விட்டிருக்கார்” என்றேன்.

“இத்தனை வருஷமா நடிச்சிருக்கார் ராஜி!”

எல்லாரும் தலையாட்டினார்கள். படித்தவர்கள். பேப்பர் வாங்குகிறவர்கள். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து, “யோசிச்சுப் பாத்தா...” என்று ஆரம்பித்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். யோசிப்பதை நிறுத்திவிட்டார்.

கோதண்டராமன் உள்ளே போய், சிவப்புக் கயிறு கோத்த சாவியைக் கொண்டுவந்து சரோஜா அக்கா கையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அதுவும் தப்பாகப் போயிற்று. “பாத்தியா, ஒரு வார்த்தை மறுத்துப் பேசல!” என்றார்கள். பேசியிருந்தால், “பாத்தியா, எப்படிப் பேசறார்!” என்றிருப்பார்கள். நமக்குத் தெரியாதா?

அன்று மத்தியானம் வசந்தா என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அதிகம் பேசாத பெண்.

“எங்களுக்குத் தண்ணி கடைசியில வந்தாலும் பரவாயில்லைக்கா. ஆனா இனிமே விடிகாலையில அவர் என்ன பண்ணுவாரு? அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடுமே...”

அவள் பயந்த மாதிரியே நடந்தது. தினம் ஐந்து மணிக்கு எழுந்து வருவார். பூட்டின சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார். நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு அழுகையெல்லாம் சுலபத்தில் வராது. எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சரோஜா அக்கா ராஜ்ஜியத்தில் தண்ணீர் ஆறரைக்கு வந்தது. சில நாள் ஏழுக்கு வந்தது. ஒரு நாள் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பூஜையில் உட்கார்ந்துவிட்டார். தொட்டி வழிந்து, நான் காயப்போட்டிருந்த கொத்தவரங்காய் வற்றல் மறுபடியும் கொத்தவரங்காய் ஆயிற்று. குழாயடியில் நின்றுகொண்டு, “உனக்கு ரெண்டு குடம் போதும்”, “நீ ஏன் அண்டா கொண்டுவந்தே?” என்று தீர்ப்பு வேறு. இடுப்பில் சாவி ஆடும். வசந்தாவின் குடம் எப்போதும் வரிசையில் கடைசி. பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தோன்றியது. சீரியலில் சிவஞானம் காவேரியைப் படுத்தியது வாரத்துக்கு அரை மணி நேரம். இங்கே தினமும் படுத்தல்.

அதையும் சொன்னேன். நான் சொல்லாமல் இருப்பேனா?

“நான் என்ன கல் நெஞ்சுக்காரியா ராஜி?” என்றார் சரோஜா அக்கா. “கடைசி வாரம் அந்த சிவஞானம் திருந்தட்டும். காவேரி கால்ல விழுந்து சாவியைத் திருப்பிக் குடுக்கட்டும். அடுத்த நிமிஷம் இந்தச் சாவி கோதண்டராமன் சார் கைக்குப் போயிடும். சத்தியம்.”

காம்பவுண்டே இதை நியாயமான தீர்ப்பு என்று ஒத்துக்கொண்டது. “நீங்கள்லாம் சோறுதானே திங்கறீங்க?” என்று கேட்டேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அதிலிருந்து கோதண்டராமனைப் பார்க்கிறவர்களெல்லாம் ஒரே கேள்வி. “திருந்துவீங்களா, மாட்டீங்களா?” எல்லாப் பாகமும் எப்போதோ படம் பிடித்து முடித்தாகிவிட்டது, அவருக்கு முடிவு தெரியும். “டைரக்டர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன், சொல்லக் கூடாது” என்பார். வசந்தா கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் முகம் மட்டும் தொங்கிப்போகும். திருந்தப் போவதில்லை, அதுதான் இப்படி இருக்கிறார் என்று வசந்தா முடிவு கட்டிக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வியாழக்கிழமை கடைசி பாகம்.

ஹால் நிரம்பி வழிந்தது. கன்னியம்மா வண்டியை காம்பவுண்டு வாசலில் நிறுத்திவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சரோஜா அக்கா நடு நாற்காலியில். அது என் நாற்காலி. கோதண்டராமன் செருப்புக்குப் பக்கத்தில். வசந்தா என் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு. என் வீட்டுக்காரர் மாடியில்.

கதை உச்சத்துக்கு வந்தது. காவேரி குழந்தையோடு வாசலில் நிற்கிறாள். வீட்டின் கடைசிச் சாவி, பூஜை அறைச் சாவி, அவள் இடுப்பில். மழை இருட்டு. சிவஞானம் மெல்ல நடந்து வருகிறான். காவேரியின் முகத்தைப் பார்க்கிறான். வாயைத் திறக்கிறான்...

கரண்ட் போய்விட்டது.

ஹாலில் எழுந்த சத்தம் திருநீர்மலைக்குக் கேட்டிருக்கும். நான் மெழுகுவர்த்தி தேடி ஏற்றுவதற்குள் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

“மேலே என்ன சார்? திருந்தினானா?”

“சொல்லக் கூடாதுங்க, வாக்கு...”

“ஊரெல்லாம் இந்த நிமிஷம் பாத்துக்கிட்டிருக்கு! இனிமே என்ன ரகசியம்?” என்றார் சரோஜா அக்கா. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சரியாகப் பேசினார்.

“சொல்லித் தொலைங்க சார்” என்றேன் நானும்.

கோதண்டராமன் எழுந்தார். கொஞ்ச நேரம் மெழுகுவர்த்தியையே பார்த்தார். “சொல்ல வராதுங்க. வேணும்னா நடிச்சுக் காட்டறேன். எதிர்ல ஒருத்தர் நிக்கணும்.”

யார் நிற்பார்கள்? சரோஜா அக்கா அதற்குள் எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, யார் குழந்தையையோ தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு காவேரியாகிவிட்டார்.

வசந்தா கதவிலிருந்து புருஷனைப் பார்த்தாள். திருந்திவிடுங்கள், எது நடந்திருந்தாலும் இங்கே திருந்திவிடுங்கள் என்கிற பார்வை. கை கும்பிட்டது, ஹாலில் இருந்த எல்லாரும் பார்த்தோம். அவரும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, டிவி மேல் வைத்தார்.

அப்புறம் அங்கே கோதண்டராமன் இல்லை.

எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கு விவரிக்கத் தெரியாது. அதே அழுக்குப் பனியன், அதே வேட்டி. ஆனால் நடந்து வந்தது வேறு ஆள். தரை தன்னுடையது என்கிற நடை. என் தரை! சரோஜா அக்கா எதிரில் வந்து நின்றார். குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

“அம்மாடி காவேரி... மழை வரும்போல இருக்கு. குழந்தை நனையும். உள்ளே தூக்கிட்டுப் போம்மா.”

ஹாலில் பெருமூச்சு. திருந்திவிட்டான்! வசந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“ஏன் நிக்கறே? எந்த வீட்டுக்குள்ளேன்னு யோசிக்கிறியா?” லேசாகச் சிரித்தார். உதடு மட்டும். “அதுதான் எனக்கும் தெரியலை.”

கையை நீட்டினார். “சாவி.”

நீட்டிய கை அப்படியே இருந்தது. அவசரமே இல்லை அந்தக் கைக்கு. குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. சரோஜா அக்காவின் கண்ணில் தண்ணீர். ஒரு கையால் இடுப்பைத் தடவினார்... சிவப்புக் கயிற்றை அவிழ்த்தார்... மோட்டார் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்துவிட்டார்.

அப்போது மொட்டை மாடியிலிருந்து குரல் வந்தது.

“இப்போ தெரியுதா?”

கரண்ட் போனது அந்த மனுஷருக்கு இன்னும் உறைக்கவில்லை.

“நல்லாத் தெரியுது சார்!” என்றாள் கன்னியம்மா. அப்புறம் சிவஞானத்தைப் பார்த்து, “நீ நாசமாத்தான் போவப் போற!” என்று இரண்டு கையாலும் நெட்டி முறித்தாள். சாபம் முடிந்ததும், “இன்னாமா நடிக்கிறான் பாவி” என்றும் சொன்னாள்.

கோதண்டராமன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உடனே பழைய ஆளாகிவிட்டார். கையில் இருப்பது என்னவென்று அப்போதுதான் பார்த்தார்.

“அக்கா... இது மோட்டார் சாவிங்க.”

சரோஜா அக்கா தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “குடுத்தது குடுத்ததுதான். அதை நீயே வெச்சுக்கோ. ஆனா அந்தப் பொண்ணு வீட்டுச் சாவியைத் திருப்பிக் குடுத்துடுப்பா. நல்லா இருப்பே!”

கரண்ட் வந்தது. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் எழுந்து போனார்கள். வேர்க்கடலைத் தோலோடு என்னை விட்டுவிட்டு.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மோட்டார் ஓடியது. இத்தனை வாரம் கழித்து அந்தத் தடதட சத்தம் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினேன். லேடீஸ் கம்பார்ட்மென்ட் முழுக்க அந்தப் பேச்சுதான்.

“கடைசியில நான் அழுதே அழுதுட்டேன்டி.”

“கால்ல விழுந்து கதறினான் பாரு, அப்பா!”

“எனக்கென்னவோ அவன் அழுதது ஒட்டவே இல்லை. இத்தனை நாள் என்னமா பண்ணினான்? நேத்து வெங்காயம் உரிக்கிற மாதிரி இருந்தது.”

“யாரு கால்ல விழுந்தது?” என்றேன், சம்பந்தமில்லாமல் நடுவில் புகுந்து.

“சிவஞானம்தாங்க! நீங்க பாக்கலையா? ‘என்னை மன்னிச்சுடும்மா’ன்னு காவேரி கால்ல விழுந்து, எல்லாச் சாவியையும் குடுத்துட்டுக் காசிக்குப் போயிட்டான்.”

கிண்டியில் இறங்கினேன். கோதண்டராமனும் அதே ட்ரெயின், அதே ஸ்டேஷன். படிக்கட்டு ஏறுவதற்குள் பிடித்துவிட்டேன்.

“சார், நில்லுங்க. திருந்திட்டீங்களாமே?”

திருட்டு ரயிலில் வந்து டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டினவர் மாதிரி முழித்தார்.

“யாரு சொன்னா சிஸ்டர்?”

“ட்ரெயின் மொத்தமும் சொல்லுது. நேத்து டிவியில நடந்ததை நடந்த மாதிரி நடிச்சிருந்தா சாவி கேக்காமலே வந்திருக்கும். எதுக்கு மாத்தினீங்க? வசந்தா அங்கே கும்பிட்டுக்கிட்டு நிக்கறா!”

குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

“அந்த சீன் தப்பு சிஸ்டர். அவன் கால்ல விழற ஆளே இல்லை. டைரக்டர்கிட்ட சொன்னேன். ‘லேடீஸ் ஒத்துக்க மாட்டாங்க, விழுய்யா’ன்னார். விழுந்தேன். அழுன்னார். அழுதேன். இத்தனை வருஷம் கழிச்சு ஒரு நல்ல வேஷம் கிடைச்சுது, கடைசி அஞ்சு நிமிஷத்துல கெட்டுப்போச்சு. அதை உங்க ஹால்ல எல்லாரோடயும் உக்காந்து எப்படிப் பாக்கறதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். கரண்ட் போச்சு... ஒரு தடவையாவது சரியா செஞ்சு பாத்துடலாம்னு தோணிச்சு.”

“சாவி போயிருந்தா?”

“போயிருக்கும்” என்றார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சரோஜா அக்காவுக்குப் பல்லாவரத்தில் தங்கை இருக்கிறாள். தங்கை வீட்டில் டிவி இருக்கிறது. அங்கே கரண்ட்டும் இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை குழாயடியில் வெடித்தது.

“ஊருக்கெல்லாம் திருந்தியிருக்கார்! நமக்கு மட்டும் திருந்தலை! நம்ம காம்பவுண்டுன்னா அவ்வளவு இளக்காரமா?”

குடத்தோடு நின்ற எல்லாருக்கும் ரோஷம் வந்துவிட்டது. பல்லாவரத்துக்குக் கிடைத்த திருந்தல் தாம்பரத்துக்கு ஏன் கிடைக்கவில்லை? நியாயமான கேள்வி மாதிரியே இருக்கிறது பாருங்கள். தீர்ப்பும் உடனே வந்தது. அன்று சாயங்காலமே, என் ஹாலில், கோதண்டராமன் மறுபடியும் நடிக்க வேண்டும். ஒழுங்காகத் திருந்த வேண்டும். “நான்தானே காவேரியா நின்னேன்? என் கால்லதான் விழணும்” என்றார் சரோஜா அக்கா.

என் ஹால் என்பதால் என்னை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை.

கோதண்டராமன் மோட்டாரை நிறுத்தினார். பெட்டியைப் பூட்டினார். நேராக சரோஜா அக்காவிடம் வந்து சாவியை நீட்டினார்.

“எடுத்துக்கோங்கக்கா. நான் திருந்த மாட்டேன்.”

கரப்பான்பூச்சிக்குக் கட்டில் ஏறுகிற மனுஷர். ஆனால் கை நீட்டியபடியே இருந்தது.

“நடிகன்னா என்ன கேட்டாலும் நடிக்கணும் இல்லையா?” என்றார் சரோஜா அக்கா, கொஞ்சம் இறங்கி.

“கேட்டதை நடிச்சு டிவியில குடுத்தாச்சுங்க. இங்க நடிச்சது என்னோடது. அதை மாத்த முடியாது.”

சரோஜா அக்காவின் கை சாவிப் பக்கம் கொஞ்சம் எழும்பியது. பாதியில் நின்றது. காலை ஐந்து மணி ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். எல்லார் குடமும் வரிசையில் காத்து நின்றது.

கடைசிக் குடத்துக்குப் பின்னாலிருந்து வசந்தா வந்தாள். திருந்திவிடுங்கள் என்று கை கூப்பியவள்.

“அவர் திருந்த மாட்டார்க்கா. தண்ணி மட்டும்தான் விடுவார். வேணுமா, வேண்டாமா?”

சரோஜா அக்கா தன் குடத்தை எடுத்துக் குழாய்க்கு அடியில் தள்ளினார். வசந்தாவின் குடத்தை இழுத்துத் தன் குடத்துக்குப் பின்னால் வைத்தார். அவ்வளவுதான் தீர்ப்பு. கோதண்டராமன் பூட்டைத் திறந்து மறுபடியும் மோட்டார் போட்டார்.

கன்னியம்மாவும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாள். நேற்று அவர் பையில் கத்திரிக்காய் போட்டாள். “வெண்டக்கா கேக்காத. அது நல்லவங்களுக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் போட்டாள்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. கெட்டவனாக நடித்தவரிடமிருந்து ஒரு மோட்டார் சாவியைப் பிடுங்க நமக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. நல்லவனாக நடிக்கிறவர்களிடம் எதையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கை தட்டிக்கொண்டு நிற்கிறோம்? அப்போது மட்டும் “அது நடிப்பும்மா” என்று யாருக்காவது ஞாபகம் வருகிறதா?

என் வயசுக்குத் திருந்தினவர்கள் பல பேரைப் பார்த்துவிட்டேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டவர் அதில் ஒருத்தர்கூடக் கிடையாது.